எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வையுங்கள்

இந்தியாவின் அடுத்த பெரிய ஒளியியல் தொலைநோக்கிக்கு எந்தெந்தக் கருவிகள் வேண்டும், அவை என்னென்ன செய்ய வேண்டும் என்று வகுக்கும் அறிவியல் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். விண்ணியல் ஆய்வாளன் இல்லை. என் பெயரில் ஓர் ஆய்வுக்கட்டுரைகூட வந்ததில்லை. உங்களுக்கு எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, எதைப் பார்க்கப் போகிறோம் என்று யோசிக்காமல் ஒரு தொலைநோக்கியை வாங்கி மாட்டிக்கொண்டவன் என்பதுதான்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிதியாண்டு முடியும் நேரத்தில் எங்கள் துறைக்குக் கொஞ்சம் பணம் வந்தது. மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அவசரமாக மூன்று கொட்டேஷன் வாங்கினோம். அதில் ஒன்றில் "600 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்ற இரண்டிலும் அந்த எண் குறைவு. சரி, பெரிய எண்தானே நல்லது என்று அதற்கே கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியைப் பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எட்டு அங்குலக் கண்ணாடி 600 மடங்கைத் தாங்காது. படம் பெரிதாகுமே ஒழிய விவரம் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் 200 மடங்கைத் தாண்டினாலே வியாழன் எண்ணெயில் போட்ட அப்பம் மாதிரி நெளியும். அதைவிடப் பெரிய கூத்து அதன் தாங்கி. வானம் திரும்புகிற வேகத்துக்குத் தொலைநோக்கியும் திரும்ப வேண்டுமானால், ஊரின் அகலாங்கு எவ்வளவோ அந்தக் கோணத்துக்கு அச்சைச் சாய்த்து வைக்க வேண்டும். காரைக்குடியின் அகலாங்கு 10 பாகை. வந்த தாங்கியோ 20 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. குளிர்நாட்டுக்காரர்களுக்காகச் செய்தது அது. அவர்களுக்குத் துருவ விண்மீன் உச்சிக்குப் பாதி உயரத்தில் நிற்கும். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது.

கடைசியில் ஓர் ஆசாரியைப் பிடித்தேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுத் தேக்கு வாங்கி வேலை செய்கிறவர். "எத்தனை பாகை, எதுக்கு?" என்று கேட்டார். கொட்டேஷன் வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விளக்கிச் சொன்னேன். உத்திரத் துண்டு ஒன்றில் சரிவாக ஓர் ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். அதை அடியில் கொடுத்ததும் அச்சு சரியாகச் சாய்ந்தது. ஆனாலும் அந்தத் தொலைநோக்கி பெரும்பாலும் பீரோவில்தான் இருந்தது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு மேலேயே போனபோதுகூட அதை வெளியே எடுக்க முடியவில்லை. சூரிய வடிகட்டி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பிள்ளைகள் பழைய அட்டையில் ஊசித்துளை போட்டு, வளையத்தைச் சிமெண்ட் தரையில் விழவைத்துப் பார்த்தார்கள். அன்றைய தேவைக்கு அந்த அட்டைதான் பொருத்தமான கருவி.

ஆப்புக்கு அலைந்த நாட்களில்தான் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒரு ஆப்புக்காரனின் கண்ணில் அது எப்படிப் பட்டது என்று சொல்கிறேன். 1960களில் பெரிய சண்டை, பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டா, எப்போதும் இப்படியேதான் இருந்ததா என்பது. அதைத் தீர்க்கத் தொலைதூர ரேடியோ மூலங்களின், அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களின், அளவு தெரிய வேண்டும். அவை அன்றைய கருவிகளுக்குப் பிடிபடாத அளவு சிறியவை. நிலா குறுக்கே போய் மறைக்கும்போது குறிப்பலை எப்படி மங்குகிறது என்று பார்த்தால் அளவைக் கணக்கிடலாம். அப்படியானால் நிலாவை மணிக்கணக்கில் பின்தொடர வேண்டும், ஏந்தும் பரப்பும் பெரிதாக இருக்க வேண்டும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று முடிவாயிற்று. இவ்வளவு பெரிய சட்டத்தை இரண்டு அச்சில் திருப்ப முடியாது. ஒரே அச்சில் திருப்பினால் போதும் என்றால் அந்த அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது ஊரின் அகலாங்கு அளவுக்கு, சுமார் 11 பாகை, வடக்கு தெற்காகச் சரியும் மலை வேண்டும். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் அந்தச் சரிவைத் தேடிக் கண்டுபிடித்து 1970இல் தொலைநோக்கியை முடித்தார்கள். நான் தொலைநோக்கி வாங்கிவிட்டு ஆப்புத் தேடினேன். அவர்கள் மலையையே ஆப்பாகத் தேடினார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கும் இந்த வரிசை தெரியும். செட்டிநாட்டு வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும்தான் ஞாபகம் வரும். வீட்டின் அளவைத் தீர்மானித்தது அவை இல்லை. அந்த வீட்டில் எத்தனை புள்ளி என்பதே முதல் கணக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, தனி அடுப்பு. அதிலிருந்து வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றி எத்தனை அறை, வளவு எவ்வளவு நீளம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று போகும். தேக்கும் பளிங்கும் அப்புறம்.

உங்கள் தொலைநோக்கியைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கண்ணாடியின் விட்டம்தான் தலைப்பில் வருகிறது. லடாக்கின் ஹான்லேயில் 10 மீட்டர் வகுப்பில் ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நடக்கட்டும், சந்தோஷம். ஆனால் கண்ணாடி ஒளியைத் திரட்டிக் கொடுப்பதோடு சரி. அந்த ஒளியிலிருந்து விடை வருமா வராதா என்பது அதன் பின்னால் நிற்கும் கருவியின் கையில் இருக்கிறது. 1995இல் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலில் மயோரும் கெலோஸும் கண்டுபிடித்தது பிரான்சில் உள்ள 1.93 மீட்டர் தொலைநோக்கியில். அப்போதே ஹவாயில் 10 மீட்டர் கெக் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தச் சின்னத் தொலைநோக்கியின் பின்னால் எலோடி என்ற நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி, இருந்தது. கோளின் இழுப்பில் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் வினாடிக்குச் சில பத்து மீட்டர் ஆடுவதை அளக்கவென்றே செய்த கருவி. 2019இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது.

இனி அதே கேள்வியைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். சூரியனை வியாழன் வினாடிக்கு 12.5 மீட்டர் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது 9 சென்டிமீட்டர்தான். தவழும் குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும். பூமி போன்ற கோளைத் தேட வேண்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அந்த 9 சென்டிமீட்டர் என்ற எண் தாளில் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அது சும்மா இருக்காது. சிலியில் உள்ள, எலோடி வகையைச் சேர்ந்த ஹார்ப்ஸ் கருவியில் வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது, நிறமாலைக் கோடு உணரியின் மேல் ஒரு பிக்சலில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வது. அதனால்தான் அதை வெற்றிடத் தொட்டியில் அடைத்து, வெப்பநிலையை நூற்றில் ஒரு பாகை சுத்தமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் இலக்கு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நுணுக்கமானது. இடமோ 4,500 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தாண்டி உறையும் மலை. அப்போது அந்த எண் கருவி அறையின் சுவர், தரை, கதவு வரை போய் நிற்கும். அறைக் கதவை யார் எப்போது திறக்கலாம் என்பதுகூட ஓர் அறிவியல் தேவையாகிவிடும்.

இன்னொரு கேள்வி இதற்கு நேர் எதிராக இழுக்கும். மங்கலான விண்மீன் மண்டலங்களை ஆயிரக்கணக்கில் அளக்க வேண்டும் என்பவருக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். அகலமான பார்வைப்புலமும், ஒரே நேரத்தில் நூறு பொருள்களின் ஒளியை வாங்கும் வசதியும் போதும். திடீரென்று வெடிப்பதைத் துரத்துகிறவர் அகலத்தையும் கேட்க மாட்டார். செய்தி வந்த சில நிமிடங்களில் கருவி மாறி நிற்க வேண்டும் என்பார். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தபோது, அதன் ஒளியைச் சிலியில் இரவு விழுந்த பிறகே, சுமார் 11 மணி நேரம் கழித்துத்தான் கண்டார்கள். இப்போது அதே சிலியில், வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ரூபின் தொலைநோக்கியும் வந்துவிட்டது. மாறுகிற பொருள்களைக் குவியல் குவியலாகச் சொல்லும். சிலியில் விடிந்த பிறகு அவற்றைத் தொடர்ந்து பார்க்க நம் தீர்க்கரேகையில் ஒரு பெரிய கண் வேண்டும். இவர்கள் மூவரையும் ஒரே கருவியில் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள் என்பது என் கெஞ்சல். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பரிமாறினால் பந்தி நிறையும், யார் வயிறும் நிறையாது.

இதில் கண்ணாடியின் விட்டமே வினையாகிற இடமும் ஒன்று உண்டு. காற்றின் கலக்கத்தால் விண்மீனின் உருவம் ஒரு வில்வினாடி (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்குப் பரவுகிறது என்றால், அந்த ஒளி நிறமாலைமானிக்குள் நுழைகிற பிளவை அதற்கேற்ப அகலமாக வைக்க வேண்டும். அந்த அகலத்தை மாற்றாமல் நிறங்களைப் பிரித்துக் காட்டும் அதே பிரிதிறன் வேண்டுமானால், தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாகிறதோ நிறமாலைமானிக்குள் போகும் ஒளிக்கற்றையும் அத்தனை மடங்கு பெரிதாக வேண்டும். 2 மீட்டரில் மேசை அளவில் இருந்த கருவி 10 மீட்டரில் ஓர் அறையைப் பிடிக்கும். காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் ஏற்பாடு வைத்தால் பிளவு சுருங்கும், கருவியும் சுருங்கும். ஆனால் அந்தத் திருத்தம் அகச்சிவப்பில் நன்றாக வரும், நீலத்தில் தடுமாறும். ஆக, நீல ஒளி கேட்பவரும் அகச்சிவப்பு கேட்பவரும் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வேறு தொலைநோக்கிகளைக் கேட்கிறார்கள். கண்ணாடிப் பூச்சிலும் இதே தகராறு. வெள்ளி பூசினால் அகச்சிவப்புக்குச் சிறப்பு. புற ஊதாவை ஒட்டிய நீலத்தில் வெள்ளி சோர்ந்துவிடும், அங்கே அலுமினியம்தான் கெட்டிக்காரன். பூச்சைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. எதற்காவது கூப்பிட்டால் வருவார்கள்.

இப்போது இந்த மடலை எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. மலேயாவிலிருந்து வரும் கணக்கைச் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றும் வேலையில் லீவு நாட்களில் என்னையும் உட்கார வைப்பார். தொகையை எழுதிவிட்டுக் காரணத்தை விட்டால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். "நாற்பது ரூபாய்னு எழுதியிருக்கியே, அதைப் பத்து வருஷம் கழிச்சுப் பார்க்கிறவன் நீயா இருக்க மாட்டே" என்பார்.

உங்கள் தேவை ஆவணத்தைப் பத்து, பதினைந்து வருடம் கழித்துப் படிக்கப் போகிறவரும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். பணம் பற்றாது, எந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் பற்றியதில்லை. அப்போது யாராவது ஒருவர் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்குவார். நிறமாலைமானி 340 நானோமீட்டரில் தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கும். 370 என்று மாற்றினால் கண்ணாடி வில்லைகள் மலிவாகும், பூச்சுத் தகராறும் தீரும் என்பார்கள். 30 நானோமீட்டர்தானே, போனால் போகட்டும் என்று தோன்றும். அந்த 30க்குள் 364.6இல், ஹைட்ரஜன் விழுங்குவதால் விண்மீனின் ஒளி சட்டென்று குறையும் பால்மர் தாவல் இருக்கிறது. சூடான விண்மீன்களின் வெப்பநிலையையும் அவற்றின் மேற்பரப்பு ஈர்ப்பையும் அங்கேதான் பார்க்கிறோம் என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், வெட்டுகிறவர் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுவார். அப்படியும் வெட்டலாம், தப்பில்லை. வரி இல்லாவிட்டால் அவர் பார்ப்பது வெறும் 340தான். எந்தக் காரணமும் இல்லாமல், யாரோ ஒரு பெரியவர் பிடிவாதமாகச் சேர்த்த எண்ணும் அதற்குப் பக்கத்திலேயே அதே கம்பீரத்தோடு உட்கார்ந்திருக்கும். பெரியவருக்குப் பயந்து அதைத் தொட மாட்டார்கள், 340 போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, எந்தக் கேள்வியிலிருந்து வந்தது, இதைவிடக் குறைந்தால் அந்தக் கேள்வி அப்படியே செத்துவிடுமா, இல்லை கொஞ்சம் நொண்டுமா என்று எழுதி வையுங்கள். செத்துவிடும் எல்லையும் விரும்பும் அளவும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால் பேரம் பேச இடமே இருக்காது.

சோதனைக்கும் இது பொருந்தும். 1990இல் ஹபிள் மேலே போனபோது அதன் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தட்டையாகியிருந்தது. கண்ணாடியைத் தேய்த்தவர்கள் மட்டமானவர்கள் இல்லை. தப்பான வடிவத்தை மிகச் சுத்தமாகத் தேய்த்திருந்தார்கள். அதைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. வேறு சோதனை முரணாகக் காட்டியதையும் ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் ஆட்கள் போய்த் திருத்தும்வரை உலகமே சிரித்தது. ஆத்தங்குடியில் கண்ணாடிச் சட்டத்தின் மேல் சாயக் கலவையை ஊற்றிக் கல் செய்கிறார்களே, கல்லின் மழமழப்பு அடியில் இருக்கும் கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடியில் கீறல் இருந்தால் எல்லாக் கல்லிலும் கீறல். எதை வைத்து அளந்து "தேவை நிறைவேறியது" என்று கையெழுத்துப் போடுவீர்கள் என்பதையும், அந்த அளவுகோலை வேறெதை வைத்துச் சரிபார்ப்பீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

கேட்காத கேள்விக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, நம் காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பார்த்தார்கள். மறைப்புக்கு முன்பே ஒளி சில வினாடிகள் மங்கி மீண்டது பதிவாயிற்று. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டது அந்த நிகழ்வில்தான். யாரும் வளையத்தைத் தேடிப் போகவில்லை. மறைப்பை வேகமாகப் பதிய வேண்டும் என்ற தேவை அந்தக் கருவியில் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும் என்று வைத்திருந்தால் வளையம் நழுவியிருக்கும். ஒரு தெளிவான கேள்விக்காக நன்றாகச் செய்த கருவியில்தான் எதிர்பாராததும் வந்து விழுந்தது. "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்த்த வசதியில் விழுந்த கதை எனக்குத் தெரிந்து குறைவு.

இன்னொரு வேண்டுகோள். இந்தத் தேவைகளைப் பேசும் கூட்டங்கள் பெங்களூரிலும் புனேயிலும் நைனிடாலிலும் நடக்கும், இயல்புதான். ஆனால் இந்தத் தொலைநோக்கியின் முதல் ஒளி விழும் நாளில் ஆய்வு மாணவியாக இருக்கப் போகிறவள் இன்று தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ எட்டாம் வகுப்பில் இருக்கலாம். வரைவை முடிப்பதற்கு முன் ஒரு முறை சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள், சுருக்கத்தைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் போடுங்கள். எங்களிடமிருந்து ஒளியியல் திருத்தம் வராது. வேறு மாதிரிக் கேள்வி வரும். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர், கேட்டது இது: "ஒரு ராத்திரி எடுத்த தரவைத் திருத்தி முடிச்ச வடிவத்துல என் எம்.எஸ்சி. பசங்க சாதாரண லேப்டாப்ல திறக்க முடியுமா சார்?" முடியும் என்று சொல்ல வேண்டுமானால், தரவைச் சீர்செய்யும் மென்பொருளும் காப்பகமும் கருவியோடு சேர்ந்த தேவையாக முதல் நாளே எழுதப்பட வேண்டும். கருவி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என் சூரிய வடிகட்டி கதைதான்.

வரைபடத்தை விரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஹான்லே கிழக்குத் தீர்க்கரேகை 78.96 பாகையில் இருக்கிறது. காரைக்குடி 78.78. ஏறக்குறைய நேர் வடக்கே. உங்கள் தொலைநோக்கியின் உச்சிக்கோட்டைக் கடக்கும் விண்மீன் ஒரு நிமிடத்துக்குள் எங்கள் உச்சிக்கோட்டையும் கடந்துவிடும். அந்த ஒரு நிமிட உறவை வைத்துத்தான் இவ்வளவு உரிமையோடு எழுதிவிட்டேன்.

என் பழைய தொலைநோக்கியை இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம். 80 மடங்கில் நிலாவும் சனியும் அழகாகத் தெரிகின்றன. பிள்ளைகளுக்கு அது போதும். போன மாதம் துடைப்பதற்காகத் தாங்கியைத் தூக்கினேன். ஆப்பின் அடிப்பக்கத்தில் ஆசாரி பென்சிலில் ஏதோ எழுதியிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழியாமல் இருந்தது: "10 பாகை. காரைக்குடிக்கு. வானத்தோட திரும்புறதுக்கு."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி